பெயர் தெரிந்தால் போதுமா?

எங்களுடைய ஊர்களில் இப்போது மருந்து சொல்லாதவர் எவருமில்லை. சீனி வருத்தம் என்று வாய் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவர் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு காணொளியைக் காட்டுகிறார். மூட்டு வலிக்கு ஒன்று, முடி கொட்டுவதற்கு ஒன்று, சிறுநீரகக் கல்லுக்கு ஒன்று. 2017இல் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவான நாட்களில், பப்பாசி இலைச்சாறு பற்றிய ஒரே செய்தி ஒரே நாளில் எனக்கு ஒன்பது பேரிடமிருந்து வந்தது. 2020 டிசம்பரில் கொரோனாவுக்கென்று ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாடே பார்த்தது.

மூலிகையை நான் குறைத்துப் பேச வரவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் சரக்கு அரைக்கும் மணத்தோடு வளர்ந்தவள் நான். தடிமன் என்றால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும், வயிற்றுப் பொருமலுக்கு ஓமம், வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நான் கேட்பது வேறொரு கேள்வி. ஒரு செடியின் பெயரையும் அது தீர்க்கும் நோயின் பெயரையும் தெரிந்து கொள்வதை மூலிகை தெரிந்ததாகக் கொள்ளலாமா?

2015இல் ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், ஆறு வருடங்கள் ஒரு பரிசாரியாரிடம் போய் வந்தேன். அம்பாறை மாவட்டத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில், மூன்று தலைமுறையாக யூனானியும் நாட்டு வைத்தியமும் கலந்து செய்த குடும்பம் அவருடையது. தூரத்து உறவில் எனக்கு மாமா. "மருந்து செய்யிறதுக்கா படிக்கப் போறீங்க டீச்சர், இல்ல தெரிஞ்சு வெச்சிக்கிறதுக்கா?" என்று முதல் நாளே கேட்டார். தெரிந்து கொள்வதற்குத்தான் என்றேன். "அப்ப சரி. அதுக்கே ஆறேழு வருசம் எடுக்கும்" என்றார். பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை.

முதல் வருடம் மருந்து என்ற பேச்சே இல்லை. அசர் தொழுகைக்குப் பிறகு வளவிலும் வட்டைக் கரையிலும் நடப்பதுதான் பாடம். மாமியும் கூட வருவார். உண்மையில் செடிகளைப் பற்றி நான் கற்றதில் பாதிக்கு மேல் மாமியிடம்தான். சரக்கைக் காயவைப்பது, புடைப்பது, சுத்தி செய்வது எல்லாம் அவர் கையில் இருந்தன. நேர்வாளத்தையும் சேங்கொட்டையையும் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதை அவர் சொல்லக் கேட்ட எவரும் அவற்றைத் தொடத் துணிய மாட்டார்கள். ஒரே செடியை மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, பூக்கும்போது ஒரு தடவை, காய்க்கும்போது ஒரு தடவை பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய ஒழுங்கு. கார்த்திகைப் பூவை எல்லோருக்கும் தெரியும். பூவும் கொடியும் பட்டுப்போன பிறகு மண்ணுக்குள் கிடக்கும் அதன் கிழங்கை எத்தனை பேருக்குத் தெரியும்? அதை உண்ணும் கிழங்கென்று எண்ணி அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். அதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போவதில்லை. மலர்ந்த பூவின் படத்தை இணையத்தில் ஆயிரம் தடவை பார்த்தாலும் அந்தக் கிழங்கை இனங்காண முடியாது.

இரண்டாவது பாடம் பெயர்கள். மாமா எனக்கு ஒரு கொப்பி போடச் சொன்னார். ஒரு பக்கத்தில் ஐந்து நிரல்கள்: நூலில் உள்ள தமிழ்ப் பெயர், எங்கள் ஊர்ப் பெயர், சிங்களப் பெயர், யூனானிப் பெயர், தாவரவியல் பெயர். தாவரவியல் பெயரை மட்டும் நான் தேட வேண்டும், மற்ற நான்கையும் அவர் சொல்வார். இந்த ஐந்து நிரல்களை நிரப்பத் தொடங்கியபோதுதான் இணையத் தேடலின் ஆபத்து எனக்கு விளங்கியது.

பிரமி என்று தேடிப் பாருங்கள். ஒரு பக்கம் வல்லாரையைக் காட்டும், இன்னொரு பக்கம் நீர்ப்பிரமியைக் காட்டும். வட இந்தியாவில் இரண்டையும் அந்தப் பெயரால் அழைக்கும் வழக்கம் உண்டு. எங்களுக்கோ ஒன்று கொட்டுகொல, மற்றது லுணுவில. இலையும் வேறு, குடும்பமும் வேறு. தாருஹரித்ரா என்ற வடமொழிப் பெயரைத் தேடினால் இமயமலைப் பக்கத்து முட்செடியான பெர்பெரிஸ் வரும். எங்கள் சரக்குக் கடையில் அதே பெயருக்குக் கிடைப்பது வெனிவெல்கெட்ட என்னும் மரமஞ்சள், காட்டில் படரும் பெருங்கொடி. இரண்டின் கட்டையும் மஞ்சள், இரண்டும் கசக்கும், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

நிலவேம்பு இதைவிடச் சிக்கலானது. தமிழ்நாட்டில் நிலவேம்புக் குடிநீர் என்று காய்ச்சலுக்குக் கொடுக்கும் செடி அண்ட்ரோகிராஃபிஸ், ஆடாதோடையின் குடும்பம். இலங்கையில் பிங்கொஹொம்ப என்று வைத்தியர்கள் தேடுவது முன்ரோனியா, உண்மையிலேயே வேம்பின் குடும்பம். அதற்கும் தமிழில் நிலவேம்பு என்றுதான் பெயர். முன்ரோனியா அரிதாகவே கிடைப்பதால், விலையும் அதிகம் என்பதால், அதற்குப் பதிலாக அண்ட்ரோகிராஃபிஸைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. தெரிந்த வைத்தியர் தெரிந்தே பதிலாகச் சேர்த்தால் அளவையும் அதற்கேற்ப மாற்றுவார். இரண்டு செடிகள் இருக்கின்றன என்பதே தெரியாதவர் என்ன செய்வார்?

பெயர் குழம்புவதால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு பெல்ஜியத்தில் நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். 1990களின் தொடக்கத்தில் பிரஸல்ஸ் நகரில் உடல் மெலிவதற்காக சீன மூலிகைகள் சேர்ந்த மாத்திரைகளைச் சாப்பிட்ட பெண்களுக்கு வேகமாகச் சிறுநீரகம் பழுதடைந்தது. 1993இல் வைத்தியர்கள் அதை வெளியிட்டார்கள். மாத்திரையில் இருக்க வேண்டிய மூலிகையின் பெயர் ஃபாங் ஜி. அதே ஒலியில் முடியும் பெயருடைய வேறொரு செடி அதற்குப் பதிலாக வந்து சேர்ந்திருந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலம்தான் சிறுநீரகத்தைத் தின்றது. நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு இரத்தச் சுத்திகரிப்போ மாற்றுச் சிறுநீரகமோ வேண்டியதாயிற்று, சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. அந்தச் செடியின் இனத்தைச் சேர்ந்தவைதாம் எங்கள் பக்கத்தில் விஷக்கடிக்குப் பெயர்போன ஈச்சுரமூலியும் ஆடுதீண்டாப்பாளையும். சிங்களத்தில் ஈச்சுரமூலியை சப்சந்த என்பார்கள். "இயற்கையானது, பக்க விளைவு இல்லை" என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தப் பெண்களின் நினைவுதான் வருகிறது.

மூன்றாவது பாடம் அளவு. காணொளிகளில் எப்போதும் ஒரு கைப்பிடி என்கிறார்கள். யாருடைய கைப்பிடி? பச்சை இலையா, காய்ந்ததா? எங்கள் நாட்டு வைத்தியத்தில் கசாயத்துக்குத் திட்டமான கணக்கு இருக்கிறது. எல்லாச் சரக்கும் சேர்ந்து பன்னிரண்டு கழஞ்சு, அதாவது ஏறத்தாழ 60 கிராம். எட்டுக் கோப்பை தண்ணீர் விட்டு, இளந்தீயில் ஒரு கோப்பையாக வற்ற வைக்க வேண்டும். மருந்தில் ஐந்து சரக்கு என்றாலும் பத்து என்றாலும் மொத்தம் அந்தப் பன்னிரண்டு கழஞ்சுக்குள்தான் பங்கிட வேண்டும். இது பல தலைமுறை பார்த்துப் பார்த்து வைத்த எல்லை. கூடினால் கூடுதல் குணம் என்று நினைப்பது மருந்தைச் சோறாக நினைப்பது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சோற்றோடு சேர்ந்தது எதுவும் எந்த அளவிலும் நல்லதுதான் என்று நினைப்பது. பிலிங் காயை மீன் கறியில் போட்டுக் காலங்காலமாகச் சாப்பிடுகிறோம், ஒரு தீங்குமில்லை. அது கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் என்று கேள்விப்பட்டு அதையே சாறாகப் பிழிந்து கோப்பை கோப்பையாகக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை இலங்கை வைத்தியர்களும் கேரள வைத்தியர்களும் எழுதியிருக்கிறார்கள். அதிலுள்ள ஒக்சலேட் சிறுநீரகத்தில் படிகமாகப் படிவதுதான் காரணம். கறியில் இரண்டு காய், சாற்றில் இருபது காய். காய் ஒன்றுதான், வித்தியாசம் அளவில் இருக்கிறது.

நான்காவது பாடம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அது செடியைப் பற்றியதே அல்ல, நோயாளியைப் பற்றியது. யூனானியில் ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு மிஸாஜ் உண்டு, ஒவ்வொரு மருந்துக்கும் சூடு, குளிர்ச்சி, வறட்சி, ஈரம் என்ற குணமும் அதன் தரமும் உண்டு. இந்தக் கோட்பாட்டை இன்றைய விஞ்ஞானம் ஏற்கிறதா என்பது வேறு விவாதம். ஆனால் அது வைத்தியரிடம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருக்கிறது. மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன்னர் ஆளைப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம். ஆடாதோடை நெஞ்சுச் சளிக்கு நல்ல மருந்து. இங்கிலிஷ் மருந்துக்கடையில் சளிக்கு விற்கும் புரோம்ஹெக்ஸின் கூட அந்தச் செடியிலுள்ள வசிசின் என்ற பொருளை வைத்து உருவானதுதான். ஆனால் அது கருப்பையைச் சுருங்கச் செய்யக் கூடியது. ஆகவே மாமா ஆடாதோடை எழுதுவதற்கு முன்னர் மாமியை விட்டு அந்தப் பெண்ணிடம் இரகசியமாக ஒரு கேள்வி கேட்பிப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும் காணொளியை நான் இன்னும் காணவில்லை.

எனது சாச்சாவின் மகனுக்கு நடந்ததை இங்கு எழுத அவரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். 2018 மாரியில் அவருக்கு நான்கு நாள் காய்ச்சல், கண் மஞ்சளாகிவிட்டது. செங்கமாரி என்று வீட்டில் முடிவு செய்து, அவருடைய மூத்த மகன் தொலைபேசியில் தேடிக் கண்டெடுத்த முறைப்படி கீழ்க்காய்நெல்லியை மோரில் அரைக்க ஆயத்தமாகிக் கொண்டிருந்தார்கள். அது சரியான கீழ்க்காய்நெல்லிதானா என்று பார்க்க என்னை அழைத்தார்கள். சரியான செடிதான். தண்டு சிவந்து காய் சொரசொரப்பாக இருக்கும் மற்ற இனம் அல்ல. ஆனால் படுத்திருந்தவரின் கோலம் எனக்குப் பிடிக்கவில்லை. "செடி சரி, ஆளை மாமாகிட்டக் காட்டுவம்" என்று சொல்லி முச்சக்கர வண்டியில் ஏற்றினோம்.

மாமா நாடியைப் பிடித்துக் கொண்டே கேட்டார்.

"கெண்டக்கால் நோகுதா மகன்?"

"தொடவும் ஏலா மாமா."

"மூத்திரம்?"

"காலையிலிருந்து ஒருக்காத்தான் போன. அதுவும் கொஞ்சம்."

"வட்டைக்குள்ள இறங்கினயா?"

"ரெண்டு கிழமைக்கு முன்னம் வரம்பு கட்டின. கால்ல ஒரு காயமும் இருந்திச்சு."

மாமா அவருடைய கண் இமையை விரித்து என்னைப் பார்க்கச் சொன்னார். மஞ்சளுக்குள் இரத்தச் சிவப்பு. "இது நெல்லி குடிக்கிற மஞ்சள் இல்ல டீச்சர். எலிக்காய்ச்சல். இந்த வண்டியிலயே ஆசுபத்திரிக்குப் போங்க. வீட்ட போய் உடுப்பு எடுக்கவும் வேணாம்" என்றார்.

ஆசுபத்திரியில் இரத்தம் பார்த்தபோது அவர் சொன்னதுதான் உறுதியானது. சிறுநீரகம் ஏற்கெனவே தாக்கப்பட்டிருந்தது. மூன்று தடவை இரத்தச் சுத்திகரிப்புச் செய்து, ஊசி மருந்து ஏற்றி, பதினெட்டு நாளில் வீடு வந்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்றும் வெள்ளாமை செய்கிறார். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாங்கிக் கொள்கிறார். 2008இல் இந்த நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்த நோய் இது. வயலை நம்பி வாழும் எங்கள் மக்களுக்கு அதன் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

கீழ்க்காய்நெல்லி பொய்யான மருந்து என்று இதிலிருந்து யாரும் எடுத்துக் கொள்ளக் கூடாது. மஞ்சள் காமாலைக் கிருமியைச் சுமப்பவர்களுக்கு அது உதவுவதாக 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் சஞ்சிகையில் எழுதியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அதே பெறுபேறு கிடைக்கவில்லை. இணையத்தில் முதல் செய்தி மட்டும் இன்னும் சுற்றிக் கொண்டிருக்கிறது. அது எப்படியிருந்தாலும், மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. ஈரலில் கிருமி இருந்தாலும் கண் மஞ்சளாகும், பித்தக் குழாயைக் கல் அடைத்தாலும் மஞ்சளாகும், எலிக்காய்ச்சலிலும் மஞ்சளாகும். தேடல் பெட்டியில் மஞ்சள் என்று எழுதுபவருக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். கெண்டைக்காலைப் பற்றிக் கேட்க அதற்குத் தெரியாது.

எங்களுடைய முன்னோர் இதைத் தெளிவாகவே விளங்கி வைத்திருந்தார்கள். 1037இல் மறைந்த இப்னு சீனா தமது அல்-கானூனின் இரண்டாம் பாகத்தில் தனி மருந்துகளை வரிசைப்படுத்த முன்னர், ஒரு மருந்தின் குணத்தைச் சோதித்து அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வைக்கிறார். பல நோய் கலந்தவரிடம் சோதிக்கக் கூடாது, குணம் ஒரு தடவை அல்லாமல் எப்போதும் காணப்பட வேண்டும், மிருகத்தில் கண்டதை வைத்து மனிதனுக்கு முடிவு சொல்லக் கூடாது என்பன அவற்றுள் சில. மலாகாவில் பிறந்து 1248இல் டமஸ்கஸில் காலமான இப்னு அல்-பைத்தார் ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தவர். அவருடைய மாணவர் இப்னு அபீ உஸைபிஆ, டமஸ்கஸின் புறநகரில் ஆசிரியரோடு நடந்து செடிகளை நேரில் பார்த்துக் கற்றதை எழுதி வைத்திருக்கிறார். அத்தனை பெரிய நூலை எழுதியவரே மாணவரை வெளியே அழைத்துச் சென்றுதான் கற்பித்தார். எங்கள் நாட்டிலும் கண்டி அரசர்களின் அவையில் வைத்தியம் செய்த கோபால என்ற முஸ்லிம் குடும்பத்தைப் பற்றி லோர்ணா தேவராஜா தமது நூலில் எழுதியிருக்கிறார். அவர்களிடம் இருந்ததும் கைவழியாக வந்த கல்விதான்.

கருஞ்சீரகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மரணத்தைத் தவிர அனைத்துக்கும் அதில் நிவாரணம் உண்டு என்ற கருத்திலமைந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அந்த ஹதீஸை அட்டையில் அச்சிட்டு எண்ணெய்ப் போத்தல் விற்பவர்கள், இமாம் கத்தாபி போன்ற விரிவுரையாளர்கள் அதைப் பொதுச் சொல்லால் வந்த குறிப்பான கருத்தாகவும் விளங்கியிருப்பதைச் சொல்வதில்லை. இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டுக் கருஞ்சீரகம் சாப்பிடும் ஒருவர், நபிவழியைப் பின்பற்றுவதாக நினைத்துக் கொண்டு தமது காலை இழக்கப் போகிறார். இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. மருத்துவம் அறிந்தவராக அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்தால், விளைவுக்கு அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத், நஸாஈ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் வருவது. இதை எந்தப் போத்தலிலும் நான் காணவில்லை.

பொறுப்பு என்ற சொல்லில்தான் விடயம் முழுவதும் தங்கியிருக்கிறது. மாமா தாம் கொடுத்த ஒவ்வொரு மருந்தையும் கொப்பியில் எழுதி வைத்தார். நோயாளி திரும்பி வராவிட்டால் வீடு தேடிப் போய் விசாரித்தார். பள்ளிவாசலில் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்பார். காணொளி போட்டவர் எந்தப் பள்ளிவாசலில் எங்களைச் சந்திக்கப் போகிறார்? வட்ஸ்அப்பில் அனுப்பியவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பதே தெரியாது.

இணையம் வேண்டாம் என்பதல்ல எனது வாதம். எனது கொப்பியின் ஐந்தாவது நிரலை நிரப்பியது இணையம்தான். தாவரவியல் பெயர் கையில் கிடைத்த பிறகு, ஒரு செடியைப் பற்றிய ஆய்வுகளை வாசிக்கவும், நஞ்சு பற்றிய எச்சரிக்கைகளைப் பார்க்கவும் அதைப் போன்ற வசதி வேறில்லை. ஆனால் முதல் நான்கு நிரல்கள் மனிதரிடம்தான் கிடைக்கும். முறையாகக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கு வழியும் இருக்கிறது. 1929இல் சுதேச வைத்தியக் கல்லூரியாகக் கொழும்பில் தொடங்கியது இன்று கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து யூனானியில் பட்டம் வழங்குகிறது. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் யூனானியையும் சித்தத்தையும் தன்னுள் அடக்குகிறது. ஆகவே சிகிச்சைக்குப் போகும் எவரும், வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. மூலிகைகளைக் கண்ணால் பார்க்க ஹல்துமுல்லையிலும் கிராந்துருக்கோட்டையிலும் ஆயுர்வேத திணைக்களத்தின் தோட்டங்கள் இருக்கின்றன. பாடசாலைச் சுற்றுலா போகும் பஸ்கள் ஏன் அங்கே நிற்பதில்லை?

மாமா 2021இல் வபாத்தானார். அவருடைய மகன்கள் இருவரும் கட்டாரில். கொப்பிகள் மாமியிடம் இருக்கின்றன. சிலவற்றைக் கறையான் தொட்டுவிட்டது. மீதியை மாமி வாசித்துச் சொல்லச் சொல்ல நான் எழுதி வருகிறேன், அவருக்குப் பார்வை மங்குவதற்குள் முடிக்க வேண்டும். மாமா சரக்குகளைச் சுருக்கெழுத்தில் குறித்திருப்பார். அதில் பாதி எனக்குப் புரியாது, மாமிக்குப் புரியும். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒரு வீடும் இப்படி ஓர் அலுமாரியும் இருக்கும் என்று நினைக்கிறேன். இதை வாசிப்பவர்கள் தங்கள் ஊரில் விசாரித்துப் பார்க்க வேண்டும்.

ஆறு வருடம் படித்ததால் என்னிடமும் சிலர் மருந்து கேட்டு வருகிறார்கள். செடியைக் கொண்டு வந்தால் இன்ன செடி என்று சொல்வேன். அதில் நஞ்சு உண்டென்றால் சொல்வேன். மருந்து சொல்வதில்லை. எந்த வைத்தியரிடம் போகலாம் என்று முகவரி எழுதிக் கொடுக்கிறேன். "டீச்சருக்கு எல்லாம் தெரியும், சொல்ல மாட்டா" என்று ஒரு ராத்தா வெளியே போய்ச் சொன்னாராம். சொல்லட்டும்.